கூதிர்காலமும் கித்தாத் தோட்டத்துக் குழந்தைகளும்

ஆங்கிலவழிப் பள்ளியிற் படித்த நம்மவர் பலரும் இலையுதிர் காலத்தை முதன்முதற் கண்டது பாடப்புத்தகத்திலேதான். செப்டம்பர் கழிந்ததும் இலைகள் பொன்னிறமும் செந்நிறமும் பெற்று உதிருமென்றும், குழந்தைகள் அவற்றைக் குவித்து விளையாடுவரென்றும், பொழுது சாய்ந்தபின் தாயும் தந்தையும் மக்களும் கணப்பைச் சூழ்ந்து அமர்ந்திருப்பரென்றும் அப்புத்தகம் சொல்லிற்று. வர்ணப் படமும் காட்டிற்று. அதை மடியில் வைத்துக்கொண்டு கோல சிலாங்கூர்த் தோட்டத்துச் சிறுவன் வெளியே எட்டிப் பார்த்தால் அவன் காண்பது யாது? கித்தா மரம் இலையுதிர்ப்பது மாசி பங்குனியில். ஐப்பசியில் அது பசேலென்று நின்று நீர் சொட்டிக்கொண்டிருக்கும். கணப்பும் இல்லை, சூழ்ந்து அமர்தலும் இல்லை. புத்தகத்துக் குடும்பம் ஒன்று. லயத்துக் குடும்பம் வேறொன்று.

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் எனப்படும். ஐரோப்பியர் இலையுதிர் காலம் என்று வழங்கும் மாதங்களின் பிற்பகுதியும் ஏறக்குறைய இதுவே. மலாயாவின் மேற்குக் கரைக்கோ அக்டோபரும் நவம்பரும் பெருமழை மாதங்கள். கிழக்குக் கரையில் ஆண்டு முடிவையொட்டி வரும் பருவமழை வேறு. நமது சிலாங்கூரில் இரு பருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட இக்காலத்திலேதான் வானம் மிகுதியாகப் பொழியும். பெரும்பாலும் பிற்பகலில் இடியுடன் பெய்யும். சில நாட்களில் பொழுது விடியுமுன்னரே மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து காற்றும் மழையும் ஒருங்கே எழுந்து வந்து தகரக் கூரையை அறையும். அதற்குச் "சுமாத்ரா" என்று பெயர்.

இம்மழை சரித்திரத்தில் இடம்பெறாமற் போகவில்லை. வட சிலாங்கூரில் கோலகுபு என்னும் பழைய ஊர் 1883-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அணை உடைந்து பாழாயிற்று. மாவட்ட அதிகாரியும் அவ்வெள்ளத்தில் மாண்டார். பிறகு 1926-ம் வருஷத்துப் பெருவெள்ளத்தின் பின்னர் அரசாங்கமே ஊரை மேட்டு நிலத்துக்கு மாற்றிக் கோலகுபு பாரு என்னும் புதிய ஊரை அமைத்தது. மழை ஒரு பட்டணத்தையே இடம்பெயர்த்தது. அது பதிவேட்டில் ஏறிற்று. அதே மழை கோல சிலாங்கூரிலும், ஈஜோக்கிலும், புக்கிட் ரோத்தானிலும், பத்தாங் பெர்ஜுந்தையிலும், வடக்கே கெர்லிங், காளும்பாங் பகுதிகளிலும் தோட்டத்து லயங்களில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பையும் தொட்டிலையும் ஆண்டுதோறும் எவ்வாறு ஆட்டிவைத்தது என்பதை எழுதினோர் எத்தனை பேர்? தோட்டச் சரித்திரம் ஏக்கர்க் கணக்கிலும் இராத்தற் கணக்கிலும் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு தாய்க்கும் அவளுடைய குழந்தைக்கும் ஒருங்கே கிடைத்த நாழிகைக் கணக்கில் அதனை எழுதிப் பார்த்தால் என்ன தோன்றும்? அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் வேலை நாளின் ஒழுங்கை நினைவுகூர்வோம். கித்தா மரம் விடியற் குளிர்ச்சியிலேதான் நன்றாகப் பால் சுரக்கும். வெயில் ஏற ஏற மரத்தினுள் நீரின் அழுத்தம் தளர்ந்து பாலோட்டமும் குறையும். ஆகவே மனிதன் மரத்தின் வசதிக்கு எழ வேண்டியவனானான். நாலு மணிக்கே லயத்தில் விளக்கெரியும். தாய் வரக்காப்பி போட்டு, முதல்நாட் சோற்றைத் தூக்கில் அடைத்து, உறங்கும் குழந்தையைத் துண்டில் சுற்றித் தோளிற் போட்டுக்கொண்டு இருட்டிலே புறப்படுவாள். வழியில் ஆயாக் கொட்டகை. அங்கே உத்தரத்தில் வரிசையாகத் துணித் தொட்டில்கள் தொங்கும். வேலைக்கு முதிர்ந்துபோன ஒரு கிழவி அவற்றுக்கு அதிபதி. குழந்தையை அவள் கையிற் கொடுத்துவிட்டுத் தாய் பெரட்டுக்கு ஓடுவாள். பிறகு நிரை நிரையாக மரம் வெட்டி, மங்குகளில் விழுந்த பாலைச் சேர்த்து, காண்டாவிற் சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து அவள் திரும்பும்போது உச்சிப்பொழுது சாய்ந்திருக்கும். குழந்தை விழித்த நேரம், பசித்த நேரம், முதல் அடி எடுத்து வைத்த நேரம் யாவும் ஆயாவுக்கே சொந்தம்.

கொட்டகைக்கு வயது கடந்த பிள்ளைகளின் நிலையோ இன்னும் விந்தையானது. எட்டு வயதுப் பெண் இரண்டு வயதுத் தம்பியை இடுப்பில் ஏந்திக்கொண்டு லயத்து வாசலில் நிற்பாள். அவளே சோறூட்டுவாள், மூக்குத் துடைப்பாள், தொட்டிலாட்டுவாள். பள்ளிக்கூடத்து மணி அவள் காதிலும் விழும். ஆனால் இடுப்பிலுள்ள பிள்ளையை இறக்கிவைக்க இடம் ஏது? நமது பெண்கள் கல்வியிற் பின்தங்கியமைக்குப் பலர் பல காரணங்கள் கூறுவர். இந்த இடுப்புச் சுமையை அக்காரணங்களுள் முதலாவதாகச் சேர்க்க வேண்டுமென்பது எமது துணிபு.

நிற்க. மழை வந்தால் இவ்வொழுங்கு முழுதும் தலைகீழாகும். பட்டை நனைந்திருந்தால் வெட்டுவாயிற் கசியும் பால் தன் வழியே மங்குக்கு வராமல் மரத்தின்மேற் பரவி வீணாய் வழியும். மங்கில் விழுந்ததும் மழைநீரோடு கலந்து கெடும். ஈரப் பட்டையில் உளி பட்டால் வெட்டுமுகத்தைப் பூஞ்சண நோயும் பற்றும். இலங்கையின் தேயிலைத் தோட்டத்துச் சகோதரி கொட்டும் மழையிலும் கம்பளியைப் போர்த்துக்கொண்டு கொழுந்து கிள்ள வேண்டும். கித்தாத் தோட்டத்துப் பெண்ணை மழை வீட்டுக்கு அனுப்பிவிடும். பெரட்டுக் களத்தில் சற்று நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மழை விடாது என்று கண்டபின் திரும்புவார்கள். தாய் கொட்டகைக்குப் போய்க் குழந்தையை வாங்கிக்கொள்வாள்.

அந்த நாள் லயத்தில் எப்படியிருக்கும் என்பதைச் சிறு பிராயத்தை அங்கே கழித்த முதியவர் எவரையும் கேட்டுப் பாருங்கள்; முகம் மலர்ந்து சொல்வார்கள். மரவள்ளிக் கிழங்கு வேகும். கச்சான் வறுபடும். கூரையின்மேல் மழையோசை பேச்சை அமுக்கும். தாய் காலை நீட்டி அமர்ந்து மூத்தவளுக்குப் பேன் பார்ப்பாள். சின்னவன் அவள் மடியிலேயே உறங்கிப்போவான். எட்டு வயதுக் குட்டித் தாய் அன்று ஒரு நாள் மீண்டும் குழந்தையாவாள். கதை சொல்லப்படுவதும், தாலாட்டு முழுதாகப் பாடப்படுவதும், அப்பன் முதுகில் பிள்ளை யானையேறுவதும் அன்றைக்கே. பாடப்புத்தகத்துக் கணப்பினருகே அமர்ந்திருந்த அக்குடும்பத்துக்கு ஒப்பான காட்சி நமது நாட்டில் உண்டென்றால் அஃது இதுதான்.

ஆயின் அந்த நாளுக்குக் கூலி இல்லை. அன்றாடக் கூலிக்காரனுக்கு வேலையில்லா நாள் வரும்படியில்லா நாள். மழை இரண்டு நாள் நீடித்தால் கடைக் கணக்கில் கடன் ஏறும். மூன்றாம் நாள் அரிசிப் பானையின் அடி தெரியும். எனது பாட்டியார் இதனை ஒரே வாக்கியத்தில் சொல்வார்: "மழை வந்தா அம்மா, வெயில் வந்தா சோறு." தமது குழந்தைப் பருவத்தைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவே. குழந்தைக்குத் தாயும் வேண்டும், சோறும் வேண்டும். இரண்டும் ஒரே நாளில் கிடைக்கக் கூடாதென்று விதித்தது எந்தத் தெய்வம்? தெய்வமன்று, கூலி முறை. மனிதர் வகுத்த முறையாதலின் மனிதராலேயே அது மாற்றத் தக்கது. இக்கூலி முறை எவ்வாறு வந்தது, எவ்வளவு மாறிற்று என்பதை இனிப் பார்ப்போம்.

தோட்டங்கள் தொடக்கத்திற் குடும்பங்களைத் தேடவில்லை, கைகளையே தேடின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்தோரிற் பெரும்பாலார் தனி ஆண்கள். 1907-ம் வருஷத்தில் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. அதன் வாயிலாகத் தோட்டக்காரர் யாவரும் கங்காணி திரட்டிக் கொணர்ந்த ஆட்களின் வழிச்செலவுக்குப் பணம் செலுத்தினர். ஒப்பந்தக் கூலி முறையும் 1910-ம் வருஷத்தோடு நிறுத்தப்பட்டது. கங்காணி தன் ஊருக்கே போய்த் தன் உறவினரையும் அண்டை அயலாரையும் அழைத்து வந்தபோது பெண்களும் பிள்ளைகளும் சிறுகச் சிறுக வரலாயினர். அப்படியிருந்தும் 1931-ம் வருஷத்துக் குடிமதிப்பில் மலாயா இந்தியருள் ஆண்கள் ஆயிரம் பேருக்குப் பெண்கள் ஐந்நூறு பேர்கூட இல்லை. எனவே லயத்துக் குடும்பம் என்பது பழங்காலந்தொட்டு வந்ததன்று. பெரும்பாலும் நமது பாட்டன் பாட்டியர் காலத்தில் மிகுந்த முயற்சியோடு கட்டப்பட்டது.

குடும்பங்கள் வந்தபின் சட்டமும் வந்தது. ஐக்கிய மலாய் நாடுகளின் 1923-ம் வருஷத்திய தொழிற்சட்டம், பிள்ளை பெறும் தாய்க்கு உதவித்தொகையும், குழந்தைகளுக்குக் கொட்டகையும், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள ஓரினத்துப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்குமிடத்தில் பள்ளிக்கூடமும் வேண்டுமென்றது. நல்ல காரியங்களே, மறுப்பாரில்லை. ஆயின் உலகம் அப்போது எங்கே நின்றது என்பதையும் ஒப்பிட வேண்டும். 1919-ம் வருஷத்தில் வாஷிங்டன் நகரிற் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாடு, பிரசவத்துக்கு முன் ஆறு வாரமும் பின் ஆறு வாரமும் தாய்க்கு ஓய்வு என்றும், பாலூட்டும் தாய் வேலை நேரத்தில் நாளொன்றுக்கு இருமுறை அரைமணி நேரம் தன் குழந்தையிடம் செல்லலாம் என்றும் ஓர் உடன்படிக்கை செய்தது. ஆனால் அவ்வுடன்படிக்கை ஆலைக்கும் வியாபார ஸ்தலத்துக்குமே உரியது, விவசாயம் அதனுட்படவில்லை. ஆலைத் தாய்க்கு அரைமணி. தோட்டத்துத் தாய்க்கோ ஐப்பசி மழை! தோட்டங்களுக்கென்று தனி உடன்படிக்கை 1958-ம் வருஷத்திலேதான் தோன்றிற்று.

கூலியோ இன்னும் குறுகியது. 1928-ம் வருஷத்தில் சிலாங்கூர் போன்ற இடங்களில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியென நிர்ணயமாயிற்று. இரண்டு வருஷத்துக்குள் உலகெங்கும் மந்தம் பரவிக் கித்தா விலை சரிந்தது. 1930-ல் ஆண் கூலி 40 காசாகவும் பெண் கூலி 32 காசாகவும் வெட்டப்பட்டது. பல்லாயிரவர் குடும்பத்தோடு தாய்நாட்டுக்குக் கப்பலேற்றப்பட்டனர். சீனிவாச சாஸ்திரியார் இந்திய சர்க்காரின் சார்பில் வந்து விசாரித்து 1937-ல் வெளியிட்ட அறிக்கையில் 1928-ம் வருஷத்துக் கூலியை மீண்டும் கொடுக்க வேண்டுமென்று பரிந்துரைத்தார். மறு வருஷமே கூலி மறுபடியும் குறைக்கப்பட, 1938 ஜூனில் இந்திய சர்க்கார் உதவி பெற்ற குடியேற்றத்தைத் தடைசெய்தது. இவையெல்லாம் பெரிய செய்திகள். இவற்றின் உட்பொருளை ஒரு தாயின் கணக்கில் வைத்துப் பாருங்கள். மாதத்தில் ஐந்து நாள் மழையென்றால் 1928-ம் வருஷத்து விகிதப்படி அவளுக்கு இரண்டு வெள்ளி நட்டம். கணவனுடையதையும் சேர்த்தால் நாலரை வெள்ளி. குழந்தையோடு கழித்த ஐந்து நாட்களுக்கு அக்குடும்பம் செலுத்திய விலை அது.

கூதிர்காலத்தின் மற்றொரு விருந்தாளி காய்ச்சல். தேங்கிய நீரும் கொசுவும் லயத்தைச் சூழும். குழந்தைக்குக் குளிரும் காய்ச்சலும் கண்டால் காத்துக் கறுப்பு என்பார் ஒருவர். முனியின் பார்வை பட்டது என்பார் மற்றொருவர். சேவல் அறுபடும், கயிறு மந்திரிக்கப்படும், திருநீறு போடப்படும். காய்ச்சலோ மூன்றாம் நாள் முறை தவறாமல் திரும்பி வரும். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர் இந்தியாவிலேயே, செகந்தராபாத்தில், 1897-ம் வருஷத்தில் கண்டறிந்தார். நாலு வருஷங்களுக்குள் அவ்வுண்மை நமது சிலாங்கூருக்கே வந்து சேர்ந்துவிட்டது. 1901-ல் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்பை வடித்தும் காட்டை வெட்டியும் கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாம் ஆகிய ஊர்களில் மலேரியாவை ஒடுக்கிக் காட்டினார்.

பின்னர் அவர் தோட்டங்களை ஆராய்ந்தார். அவர் கையாண்ட அளவுகோல் குழந்தைகளே. மலேரியா அடுத்தடுத்துத் தாக்கிய பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கி வயிறு புடைக்கும். ஆகவே தோட்டத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேருக்கு வீக்கம் என்று எண்ணினால் அத்தோட்டத்தின் நோய் அளவு விளங்கும். இவ்வாராய்ச்சியால் ஓர் அரிய உண்மை வெளிப்பட்டது. கோல சிலாங்கூர் போன்ற கடற்கரைச் சமவெளியில் நோய் பரப்பும் கொசு காட்டு நிழலிலுள்ள தேங்கு நீரில் முட்டையிடுவது. காட்டை வெட்டி நீரை வடித்தால் அது ஒழியும். மேட்டுப்பாங்கான உள்நாட்டிலோ கொசு வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடையிலே அது பெருகும். அங்கே காட்டை வெட்டினால் நோய் குறையாது, கூடும்! மலையடிவாரத் தோட்டங்களில் ஓடைக்கு எண்ணெய் தெளிக்கும் முறை இதனால் ஏற்பட்டது. ஒரே மாநிலத்தில் தாழ்நிலத்துக்கு ஒரு வைத்தியம், மேட்டுநிலத்துக்கு ஒரு வைத்தியம்.

ஈண்டு நாம் இரண்டு செய்திகளைக் கருத வேண்டும். பிள்ளைகளின் உடலே தோட்டத்தின் நலத்தை அளக்கும் கோலாயிற்று. அவர்கள் வயிறு சொன்ன உண்மையால் ஆயிரக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. இது முதலாவது. நமது மக்களுட் பலர் அந்தக் காலத்திலும் அதற்குப் பின்னரும் கொயினாவை உமிழ்ந்துவிட்டுக் கயிற்றை நம்பியிருந்தனர் என்பது இரண்டாவது. லயங்களிலும் ஜாதி பிரித்துக் குடிவைத்த தோட்டங்கள் இருந்தன. ஒரு குழாயில் நீர் பிடிக்க மறுத்தவர்கள் ஒரே கொசுவின் கடியைப் பகிர்ந்துகொண்டனர். கொசு ஜாதி பார்க்கவில்லை, மனிதன் பார்த்தான். 1929-ம் வருஷம் டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி மலாயாவுக்கு வந்து பேசியபின் இவ்விஷயங்களைப் பற்றித் தோட்டங்களிலும் கேள்விகள் எழுந்தன. அக்கேள்விகளைத் தம் பிள்ளைகளின் காதிற் போட்ட பெற்றோர் அந்தப் பிள்ளைகளுக்குக் கொட்டகையும் கொயினாவும் தராத ஒன்றைத் தந்தனர்.

ஐப்பசி என்றால் தீபாவளியும் வந்துவிடும். மழையால் கூலி குறைந்த மாதத்திலேயே செலவு மிகுந்த பண்டிகை! புதுத்துணி கடனுக்கு, பலகாரம் கடனுக்கு, பட்டாசு கடனுக்கு. பிள்ளைகள் மகிழ்வதை யாம் குறை கூறவில்லை. ஆண்டில் ஒரு நாளாவது குழந்தைக்குப் புதுச்சட்டை கிடைப்பது நல்லதே. ஆயின் மழை நாளில் வீட்டிலிருந்த தந்தை எங்கே போனான்? பல தோட்டங்களில் கள்ளுக்கடை லயத்துக்கு அருகிலேயே இருந்தது. குழந்தைக்கு ஆண்டில் அரிதாய்க் கிடைத்த தந்தையின் பொழுதையும் அது விழுங்கிற்று. தொழிலாளர் இதை உணராமலில்லை. 1941-ம் வருஷத்தில் கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வோடு, பிள்ளைகளுக்குத் தக்க கல்வியும், கள்ளுக்கடைகளை மூடுதலும் அவற்றுள் இருந்தன. துப்பாக்கிக்கு முன் நின்ற அம்மக்கள் தம் வயிற்றுக்காக மட்டும் போராடினரென்று எவன் சொல்வான்? அவர்கள் தம் குழந்தைகளின் நாளை முழுதாகக் கேட்டனர்.

பின்னர் ஜப்பானியர் ஆட்சி வந்தது. 1942, 1943-ம் வருஷங்களில் தோட்டத்து ஆண்கள் பல்லாயிரவர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். மிகப் பலர் திரும்பவில்லை. கித்தா வாங்குவாரின்றிக் கிடக்க, மரவள்ளியே உணவாக, தாய் ஒருத்தியே தாயும் தந்தையுமாகிப் பிள்ளைகளைக் காத்த கூதிர்காலங்கள் அவை. யுத்தம் முடிந்து மூன்று வருஷத்துள் அவசரகாலம். 1948 முதல் 1960 வரை பல தோட்டங்களில் லயத்தைச் சுற்றி முள்வேலி, ஊரடங்குச் சட்டம், உணவுக்குக் கட்டுப்பாடு. முள்வேலிக்குள் பிறந்து அதற்குள்ளேயே நடைபழகிய பிள்ளைகள் இன்று முதியவர்கள்.

இவ்வளவுக்குமிடையே தொழிலாளர் ஒன்றுகூடினர். 1954-ல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஏற்பட்டது, பி. பி. நாராயணன் அதன் தலைமகனாய் விளங்கினார். 1955-ம் வருஷத்திய வேலைச் சட்டத்தின் 16-ம் பிரிவு, தோட்டத்து நாட்கூலிக்காரருக்கு மாதத்தில் இருபத்துநாலு நாட்களுக்குக் குறையாமல் வேலை கொடுக்க வேண்டும். கொடுக்க இயலாவிடினும் வேலை செய்ய விரும்பியவனுக்கு அந்நாட்களின் கூலியைக் கொடுத்தாக வேண்டும் என்று எழுதி வைத்தது. வக்கீல்கள் இதைச் சாதாரணமான பிரிவு என்று கருதலாம். எமது பாட்டியாரின் வாக்கியத்தோடு சேர்த்துப் படித்தாலோ அதன் பெருமை விளங்கும். அம்மாவும் சோறும் ஒரே நாளில் வருவதற்குச் சட்டத்திற் பிறந்த வழி அது.

காலம் மாறிற்று. மாற்றத்தின் விதையும் நமது மாவட்டத்திலேயே ஊன்றப்பட்டது. இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையின் தென்னமரம் தோட்டத்தில் 1917-ம் வருஷத்தில் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டத்தை அமைத்தார். தமிழ்ப் பெயர் தாங்கிய தோட்டத்திற் பிறந்த அச்செம்பனையே பின்னாளிற் கித்தாவை விலக்கிற்று. செம்பனைக்கு விடியற்கு முன் எழ வேண்டியதில்லை. குலை வெட்டும் வேலைக்குப் பெண்களும் அவ்வளவாக வேண்டியதில்லை. தாய்மார் தொழிற்சாலைக்குப் போயினர். குடும்பங்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்தன. சில விரும்பிப் பெயர்ந்தன, பல விரட்டப்பட்டன. 1957-ல் எண்ணூறுக்கு மேலிருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஐந்நூறுக்குச் சற்று மேல். ஆயாக் கொட்டகையின் உத்தரங்களில் தொட்டிற் கயிற்றின் தழும்பு மட்டும் சில இடங்களில் இருக்கிறது.

இன்று தோட்டத்தில் வேலை செய்வோர் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம், இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வந்தோர். தற்காலிக வேலை அனுமதிச் சீட்டில் வருவோர் மனைவி மக்களை உடன் கொண்டுவரக் கூடாதென்பது விதி. 2023-ம் வருஷம் ஜனவரி முதல் நமது சட்டம் பிரசவ விடுப்பை அறுபது நாளிலிருந்து தொண்ணூற்றெட்டு நாளாக உயர்த்திற்று. தந்தைக்கும் ஏழு நாள் கொடுத்தது. மெச்சத் தக்கதே. ஆயின் அதே நாட்டில் தோட்டத்து மனிதன் மறுபடியும் குடும்பமற்ற கையாகிவிட்டான். நூறாண்டுக்கு முன் நமது பாட்டனார் நின்ற இடத்தில் இன்று இன்னொருவன் நிற்கிறான். மழை நாளில் அவன் லயத்துத் திண்ணையிலமர்ந்து கைத்தொலைபேசியின் சிறு கண்ணாடியில் தன் குழந்தை நடைபழகுவதைப் பார்க்கிறான். "மழை வந்தா அம்மா" என்று சொல்லவும் அங்கே பிள்ளையில்லை.

ஆகவே நாம் செய்யத் தக்கது யாது? முதலாவது, முதியோர் இருக்கும்போதே அவரவர் குடும்பத்தின் மழை நாட்களைக் கேட்டு எழுதி வையுங்கள். துரைமார் எழுதிய தோட்டச் சரித்திரத்தில் அவை இல்லை. இரண்டாவது, நமக்கு இன்று வாய்த்திருக்கும் பொழுதை வீணாக்காதிருங்கள். அம்மாவும் சோறும் ஒருங்கே கிடைக்கும் வீட்டில் தந்தை குடித்துக் கிடப்பானாயின், தாய்க்கும் மகளுக்குமே சுமை என்றிருக்குமாயின், முன்னோர் பட்ட பாடு எதற்கு? பெண்பிள்ளையின் இடுப்பிலிருந்து சுமையை இறக்கிப் புத்தகத்தைக் கையிற் கொடுங்கள். மூன்றாவது, குடும்பத்தைப் பிரிந்து நம்மிடையே உழைக்கும் அயல்நாட்டுத் தொழிலாளியை இகழாதீர்கள். அவனுக்கும் மனைவி மக்களோடு வாழும் உரிமை வேண்டுமென்று சொல்ல நம்மினும் தகுதி வாய்ந்தவர் யார்?

செக்ரோல் எழுதும் கிராணி யான். மழையால் வேலை நின்ற நாளுக்கு அதில் ஒரு குறி இடுவோம். அவ்வளவுடன் அந்த நாள் முடிந்துவிடும். பழைய ஏடுகளிலும் ஐப்பசி, கார்த்திகை மாதப் பக்கங்களில் அத்தகைய குறிகள் வரிசையாக இருக்கும். அவற்றைக் கண்ணுறும்போதெல்லாம், அந்த ஒவ்வொரு குறிக்கும் பின்னே ஒரு தாயின் மடியில் ஒரு குழந்தை உறங்கிற்று என்பதும், மாலையில் அரிசிக்கு வழி தேடப்பட்டது என்பதும் நினைவுக்கு வருகின்றன. அவ்விரண்டையும் மறவாத சமூகமே தன் குழந்தைகளுக்கு நியாயம் செய்யும். நமது சமூகம் அவ்வாறு செய்ய முன்வருவதாக.